தட்டினால்தான் போகிறது என்றால் அது அலைன்மென்ட் இல்லை

முதலில் நேர் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம், டிரைவை இப்போதைக்கு மாட்டாதீர்கள்.

பின்னால் படிக்கிறவர்களுக்காக உங்கள் கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஒன்டாரியோவில் சிம்கோ ஏரியில் ஓட்டும் 19 அடி படகு, உள்ளே மெர்க்ரூஸர் 4.3 லிட்டர் வி6 எஞ்சின், வெளியே பின்பக்கம் தொங்கிப் புரொப்பெல்லரைச் சுழற்றும் ஆல்ஃபா ஒன் ஜென் 2 டிரைவ். போன குளிருக்கு முன் பிளாக்கில் இருந்த தண்ணீரை முழுசாக வடிக்காமல் விட்டதில் உறைந்து பிளாக் விரிசல் விட்டுவிட்டது. வேறு பிளாக் வாங்கி, பழைய எஞ்சினின் சாமான்களை எல்லாம் அதில் ஏற்றி, நீங்களும் உங்கள் மைத்துனரும் செயின் பிளாக்கில் தூக்கிப் படகுக்குள் இறக்கிவிட்டீர்கள். இப்போது எஞ்சின் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் ராடு, படகின் பின்சுவரில் உள்ள கிம்பல் பேரிங்கைத் தாண்டிப் போய், எஞ்சினின் பின்னால் உள்ள கப்ளர் வாயில் நின்றுவிடுகிறது. ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் உள்ளே போகிறது, வெளியே எடுக்கவும் பிடுங்க வேண்டியிருக்கிறது. ‘எப்படியோ போகிறதே, டிரைவை மாட்டிவிடலாமா’ என்று கேட்கிறீர்கள்.

பிளாக் வெடித்ததற்கு ரொம்ப வருத்தப்படாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் அளவுக்குப் பருக்கும், வார்ப்பிரும்பு அதற்கு விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு மே மாதமும் இதே கதையோடு நாலு பேராவது வருகிறார்கள். ஆனால் அதில் பாதிப் பேர் இரண்டாவது தப்பையும் செய்கிறார்கள். அதைத்தான் நீங்கள் இப்போது செய்யப் பார்க்கிறீர்கள்.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்று புரிய, அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். எஞ்சினின் ஃபிளைவீலில் கப்ளர் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது, நடுவில் ரப்பர், அதன் மையத்தில் உள்பல் வெட்டிய ஓட்டை. டிரைவின் யூ-ஜாயின்ட் (மடங்கியபடியே சுழலும் இணைப்பு) தண்டு டிரான்சம், அதாவது படகின் பின்சுவர் ஓட்டை வழியாக வந்து, கிம்பல் பேரிங்குக்குள் நுழைந்து, அந்தப் பற்களில் போய்ச் செருகிக்கொள்கிறது. அவ்வளவுதான். எஞ்சினையும் டிரைவையும் இணைக்கிற போல்ட் கிடையாது, பல்லோடு பல் கோத்திருப்பது மட்டும்தான். டிரைவ் திரும்புவது, ஏறி இறங்குவது எல்லாவற்றையும் வெளியே இருக்கும் யூ-ஜாயின்ட் சமாளித்துக்கொள்ளும். ஆனால் பேரிங்கிலிருந்து கப்ளர் வரை இருக்கிற அந்தச் சின்னத் தண்டு கிரேங்க் ஷாஃப்டின் நேர்கோட்டிலேயே இருந்தாக வேண்டும். கோணலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பற்கள் ஓரத்தில் தேயும். 3000 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 50 தடவை, ஒரு மணி நேரத்தில் 1,80,000 தடவை. கப்ளருக்கு நடுவில் ரப்பர் இருக்கிறதே, அது தாங்காதா என்று கேட்பார்கள். அது இன்ஜின் அதிர்வை வாங்கிக்கொள்ளப் போட்ட ரப்பர், கோணலை வாங்கிக்கொள்ள இல்லை. கோணலில் ஓடினால் சூடேறி, முதலில் ரப்பர் கருகிய வாடை வரும், அப்புறம் ஒரு நாள் ஏரி நடுவில் திராட்டலைத் தள்ளினால் எஞ்சின் மட்டும் அலறும், படகு நகராது. கப்ளரை மாற்ற மறுபடி எஞ்சினைத் தூக்க வேண்டும். இப்போது ஒரு மதியம் செலவழிப்பதா, ஜூலையில் முழு வேலையையும் திரும்பச் செய்வதா என்பதுதான் கணக்கு.

நான் ஊரில் விசைப்படகு எஞ்சின் வேலையில் தொடங்கியவன். அங்கே நீள ஷாஃப்ட், கியர் பாக்ஸ் கப்ளிங் முகமும் ஷாஃப்ட் கப்ளிங் முகமும் எதிரெதிரே நிற்கும், நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மேலே கீழே இடம் வலம் நாலு பக்கமும் ஒரே இடைவெளியா என்று பார்ப்போம், அதையும் படகைத் தண்ணீரில் விட்டு உடம்பு அமர்ந்த பிறகுதான் பார்ப்போம். இங்கே வந்தபோது அந்தப் பழக்கத்திலேயே எல்லாவற்றையும் செய்யப் போய் அடிபட்டேன். எஞ்சின் உள்ளே, டிரைவ் வெளியே என்று இருக்கும் இந்த ஸ்டெர்ன்டிரைவில் டிரைவைக் கழற்றினால்தான் ராடு விட முடியும், டிரைவைக் கழற்றிய படகைத் தண்ணீரில் விட்டால் அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் உள்ளே வந்து மூழ்கும். அதனால் இது தரையில் பார்க்கிற வேலை. தரையில் பார்ப்பதால் படகு டிரெய்லரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். டிரெய்லர் பலகை முன்னாலேயே முடிந்து பின்பக்கம் ஒரு முழம் அந்தரத்தில் தொங்கினால் அடிப்பகுதி கொஞ்சம் வளைந்து கொடுக்கும், நீங்கள் பார்க்கிற அலைன்மென்ட் டிரெய்லரின் அலைன்மென்ட்தான். பின்னால் முட்டுக் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் எஞ்சினை நாலு இடத்தில் தாங்குகிறார்கள், பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு. பின்னால் உள்ள இரண்டும் டிரான்சத்தின் உள் தகட்டோடு சேர்ந்தவை, அவற்றை ஏற்றவும் முடியாது இறக்கவும் முடியாது, சும்மா ஒரு வாஷரைச் செருகி உயர்த்திவிடலாம் என்று நினைக்கவும் கூடாது. முன்னால் உள்ள இரண்டு மவுன்டும்தான் நட்டைத் திருகி ஏற்றி இறக்கத் தக்கவை. ஆக மொத்த எஞ்சினும் பின் மவுன்டுகளை அச்சாகக் கொண்ட ஒரு ஏற்றப் பலகை மாதிரி, மூக்கைத் தூக்கினால் வால் பக்கம் தாழும், மூக்கை இறக்கினால் வால் பக்கம் நிமிரும். இந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

பின் மவுன்ட் நிலையானது என்றதால் அதில் தப்பு வராது என்று அர்த்தமில்லை, உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகமே அங்கேதான். டிரான்சம் தகட்டின் மவுன்டுக்கும் ஃபிளைவீல் ஹவுசிங்கின் காதுக்கும் நடுவில் ஒரு ஃபைபர் வாஷரும், அதற்குள் அமரும் இரட்டைச் சுற்று லாக் வாஷரும் வரவேண்டும். பழைய எஞ்சினைத் தூக்கும்போது இவை ஹவுசிங்கோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும், அல்லது கீழே பில்ஜில் (படகின் அடிக்குழியில்) எண்ணெய்த் தண்ணீருக்குள் விழுந்து காணாமல் போகும். ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் இல்லாவிட்டால் எஞ்சின் ஒரு பக்கமாகச் சரியும், இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் பின்பக்கம் முழுக்கத் தாழும். முன்னால் எத்தனை சுற்று திருகினாலும் சரி வராது. டார்ச்சும் கையகலக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஃபைபர் வாஷர் நசுங்கிப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் புதுசு போடுங்கள், காபிக் காசுதான் ஆகும்.

இரண்டாவது சந்தேகம், பிளாக் மாற்றியவர்களுக்கு மட்டும் வருவது. ஃபிளைவீல் ஹவுசிங் பிளாக்கில் போல்டால் மட்டும் உட்காருவதில்லை, இரண்டு சின்ன உலோக முளைகள்தான் (டவல் பின்) அதை மையத்தில் நிறுத்துகின்றன. போல்ட் ஓட்டையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். புதுசாக வாங்கிய பிளாக்கில் அந்த முளைகள் இருந்தனவா? பழைய பிளாக்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால், ஹவுசிங் அந்த ஆட்டத்தின் அளவுக்கு எங்கேயாவது ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். பின் மவுன்டின் காதுகள் ஹவுசிங்கில்தானே இருக்கின்றன, அதனால் கிரேங்க் ஷாஃப்டே மவுன்டுக்கு மையத்தில் இல்லாமல் போகும். இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. முளை இருந்ததா இல்லையா என்று உங்கள் இருவரில் யாருக்காவது நினைவிருந்தால் நல்லது, இல்லையென்றால் கைப்பேசியில் எடுத்த படங்களைப் பாருங்கள், எல்லோரும் எடுத்திருப்பீர்கள்.

இந்த இரண்டும் சரி என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது, எஞ்சின் உண்மையிலேயே முழுசாக அமர்ந்திருக்கிறதா. பின்பக்கம் எக்ஸாஸ்ட் ரப்பர் குழாய் இரண்டும் மடங்கி மாட்டியிருந்தால் எஞ்சின் அதன்மேல் சாய்ந்து நிற்கும். ஸ்டியரிங் எண்ணெய்க் குழாய், ஷிஃப்ட் கேபிள், டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் வயர் இவற்றில் ஏதாவது ஹவுசிங்குக்கும் தகட்டுக்கும் நடுவில் நசுங்கியிருந்தாலும் அப்படித்தான். பின் போல்ட் இரண்டையும் சுமார் 50 நியூட்டன் மீட்டருக்கு டைட் வைத்துவிட்டுத்தான் ராடை எடுக்க வேண்டும். போல்ட் கையால் மட்டும் பிடித்த நிலையில் ராடு விட்டுப் பார்த்து ‘ஆகா போகிறது’ என்று மகிழ்ந்து, அப்புறம் டைட் வைத்து அலைன்மென்ட்டைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

சரி, ராடு. அந்த ராடை உள்ளே திணிக்கிற ஆயுதமாகப் பார்க்காதீர்கள், அது அளவு பார்க்கிற கருவி. சுத்தியலால் தட்டி உள்ளே அனுப்பும்போது எஞ்சின் நேராவதில்லை, ராடும் பேரிங்கும் கப்ளர் ரப்பரும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கின்றன. ‘தட்டினால் போகிறது’ என்று நீங்கள் எழுதியதில் எனக்குக் கிடைத்த ஒரே தகவல், கோணல் பெரிசு இல்லை, கிட்டத்தில் இருக்கிறீர்கள் என்பது. நல்ல செய்திதான்.

ஆனால் எஞ்சினைத் தொடும் முன் பேரிங்கைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். கிம்பல் பேரிங் தன் கூட்டுக்குள் கொஞ்சம் எல்லாப் பக்கமும் சாயும்படி அமைத்தது, பந்து கிண்ணத்தில் உருளுகிற மாதிரி. ஆனால் இறுக்கமாகச் சாயும், தானாக விழாது. டிரைவைக் கழற்றும்போது தண்டு இழுபட்டதில் அது ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றிருக்கலாம். பேரிங் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கும்போது எஞ்சினை அதற்குத் தோதாகத் திருப்பினால், நேராக இருந்த எஞ்சினை நீங்களே கோணலாக்குகிறீர்கள். அதனால் ராடைப் பேரிங்குக்குள் விட்டு, கப்ளர் வாயைத் தொட்டதும் நிறுத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிடியை மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கவனியுங்கள், பக்கவாட்டில்தான் தட்ட வேண்டும், பின்னாலிருந்து முன்னோக்கி இல்லை. பேரிங் கூட்டுக்குள் அசைவது கைக்குத் தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு ராடை இரண்டு விரலால் தள்ளிப் பாருங்கள். பத்தில் மூன்று படகுக்கு வேலை இதோடு முடிந்துவிடும், எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

பேரிங்கையும் இந்த நேரத்தில் விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று மணல் மாதிரி இருந்தாலோ, உள்ளே இருந்து காப்பிப் பொடி நிறத்தில் கிரீஸ் வந்தாலோ பெல்லோஸ் (தண்டை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறை) ஓட்டையாகித் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்கையும் பெல்லோஸையும் இப்போதே மாற்றுங்கள். பேரிங்கை மாற்றிவிட்டு அலைன்மென்ட் பார்ப்பதா, பார்த்துவிட்டு மாற்றுவதா என்றெல்லாம் யோசிக்க வேண்டாம், மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கத்தான் வேண்டும். புதுப் பேரிங் ஏற்றும்போது அதன் வெளி வளையத்தில் ஒரு திறப்பு இருக்கும், அது கிரீஸ் நிப்பிள் இருக்கும் திசையில் பேரிங்கின் ஓட்டையோடு சேர்ந்து வரவேண்டும். இல்லாவிட்டால் வருஷக் கணக்காக நீங்கள் அடிக்கிற கிரீஸ் ஒரு சொட்டு கூட உள்ளே போகாது.

பேரிங் நேராகியும் ராடு போகவில்லை என்றால் இப்போது எஞ்சின். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கிரீஸே சொல்லும். ராடின் பல் முனையைத் துடைத்துவிட்டு மெல்லிசாக, வெண்ணெய் தடவுகிற மாதிரி, சுற்றிலும் கிரீஸ் பூசுங்கள். பிடியின் மேல்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், எது மேல் என்று பிறகு குழம்பாமல் இருக்க. அந்தக் கோடு மேலேயே இருக்கும்படி ராடை நேராக உள்ளே விட்டு, எவ்வளவு போகிறதோ அவ்வளவு விட்டு, திருகாமல் நேராக வெளியே இழுங்கள். திருகினால் தடயம் அழிந்துவிடும். ராடைச் சுற்றிப் பார்த்து ‘லேசாகச் சுற்றுகிறது, சரியாக இருக்கிறது’ என்று சொல்வதும் தப்பு, போய் வருவதில்தான் சோதனை, சுற்றுவதில் இல்லை.

வெளியே எடுத்த ராடைப் பாருங்கள். சுற்றிலும் பற்களின் வரி ஒரே ஆழத்தில் பதிந்திருந்தால் நேர். நுனியில் மேல்பக்கம் மட்டும் கிரீஸ் வழித்துக்கொண்டு போய் உலோகம் பளபளத்து, நுனிக்குப் பின்னால் கீழ்பக்கம் வழிக்கப்பட்டிருந்தால், கப்ளர் ஓட்டை உள்ளே போகப் போகக் கீழ்நோக்கிச் சரிகிறது, அதாவது எஞ்சினின் மூக்கு தாழ்ந்திருக்கிறது, தூக்க வேண்டும். நுனியில் கீழ்பக்கம் வழிக்கப்பட்டிருந்தால் மூக்கு நிமிர்ந்திருக்கிறது, இறக்க வேண்டும். நுனியில் இடமோ வலமோ மட்டும் வழிக்கப்பட்டிருந்தால் பக்கவாட்டுக் கோணல், அதைப் பிறகு சொல்கிறேன். பெரும்பாலும் இடுப்பொடிந்த பழைய ரப்பர் மவுன்டை அப்படியே திரும்பப் போட்டவர்களுக்கு மூக்கு தாழ்ந்திருக்கும். நீங்கள் மவுன்டை மாற்றினதாக எழுதவில்லை.

ஏற்ற இறக்க எஞ்சினின் பாரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான கிலோ இரும்பு உட்கார்ந்திருக்கும்போது நட்டு திரும்பாது, மரைதான் போகும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கு மேலே நடுவில் ஒரு கொக்கி இருக்கிறதே, அது இதற்காகவே வைத்தது, அலைன்மென்ட்டின்போது மூக்கைத் தாங்கிப் பிடிக்க மட்டும். முழு எஞ்சினையும் அதில் தூக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் இறக்கும்போது அதில்தான் தூக்கினீர்களா என்று கேட்க மாட்டேன், அடுத்த தடவை செய்யாதீர்கள். சங்கிலியில் பாரம் விழுகிற அளவுக்கு மட்டும் இழுத்து, பூட்டு நட்டைத் தளர்த்தி, கீழ் நட்டை அரைச் சுற்று திருப்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு பக்கம் அரைச் சுற்று, மறுபக்கம் முக்கால் சுற்று என்று போனால் எஞ்சின் ஒருக்களிக்கும்.

திருப்பியதும் சங்கிலியை முழுக்கத் தளர்த்தி, எஞ்சின் தன் சொந்தக் காலில் நிற்கும்போதுதான் ராடு விட வேண்டும். சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பார்த்த அலைன்மென்ட் சங்கிலியை அவிழ்த்ததும் போய்விடும். இது சலிப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன். தூக்கு, அரைச் சுற்று, இறக்கு, வெளியே இறங்கிப் போய் ராடு விடு, கிரீஸைப் பார், மறுபடி உள்ளே ஏறு. மைத்துனரை உள்ளே உட்கார வைத்து நீங்கள் வெளியே நில்லுங்கள், முழங்கால் மிச்சம். கிட்டத்தில் வந்ததும் அரைச் சுற்றைக் கால் சுற்றாகவும் அதிலும் பாதியாகவும் குறைத்துக்கொள்ளுங்கள். சரியான இடம் வந்தால் சந்தேகமே இருக்காது, ராடு தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய் அடியில் ‘டொக்’ என்று நிற்கும், இரண்டு விரலால் இழுத்தால் திரும்ப வரும். வந்த பிறகு கிரேங்க்கைக் கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள், இப்படி நாலு நிலையிலும். ஒரு நிலையில் வழுக்கி இன்னொரு நிலையில் பிடித்தால் கப்ளரே ஃபிளைவீலில் சரியாக உட்காரவில்லை, அழுக்கோ பர்ரோ (உலோகப் பிசிறோ) நடுவில் மாட்டியிருக்கிறது.

பக்கவாட்டுக் கோணலைச் சரிசெய்யப் பின் மவுன்டில் எதுவும் செய்வதற்கில்லை. முன் மவுன்டை ஸ்டிரிங்கரில் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டையில்) பிடித்திருக்கும் திருகாணிகளைத் தளர்த்தி, அந்தத் துளைகள் கொடுக்கிற அளவுக்கு மூக்கை இடமோ வலமோ நகர்த்தலாம். வால் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் மூக்கு இடப்பக்கம் போகும், அதே ஏற்றப் பலகைதான். அந்தத் திருகாணிகளைத் திரும்ப இறுக்கும்போது கவனியுங்கள், இறுக இறுகச் சுற்றிக்கொண்டே போனால் கீழே மரம் உளுத்துவிட்டது.

எங்கே என்ன செய்தும் வரவில்லை என்றால் சண்டை போடாதீர்கள், வேறு எதுவோ மாறியிருக்கிறது. முறையாகக் கட்டிய படகில் அலைன்மென்ட் முடிந்த பிறகும் முன் மவுன்டில் மேலேயும் கீழேயும் தலா 6 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். நீங்கள் நட்டை மரையின் கடைசிவரை கொண்டுபோய்விட்டீர்கள் என்றால் ஸ்டிரிங்கர் அமுங்கியிருக்கிறது, அல்லது டிரான்சம் உளுத்திருக்கிறது. ஒரு சின்ன சுத்தியலின் பின்பக்கத்தால் டிரான்சத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள், தேங்காய் பார்க்கிற மாதிரிதான், கெட்டியான இடம் கணீரென்னும், ஊறிப்போன இடம் பொத்தென்னும். இந்த டிரைவுக்கு டிரான்சம் 51 முதல் 57 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும், உள்முகமும் வெளிமுகமும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசமில்லாமல் இணையாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள ஒட்டுப்பலகை ஊறி அமுங்கினால் தகடு சாயும், தகடு சாய்ந்தால் பேரிங்கும் பின் மவுன்டும் சேர்ந்தே சாயும். அது பெரிய வேலை, இந்தக் கோடையில் படகு தண்ணீரைப் பார்க்காது. உங்கள் படகில் அப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, தட்டினால் போகிற அளவுக்குக் கிட்டத்தில் இருக்கிறதே.

உங்கள் நண்பர் ‘என் வோல்வோவில் இதெல்லாம் கிடையாது, அப்படியே இறக்கிவிட்டேன்’ என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. பழைய அக்வாமேட்டிக் வகையில் தண்டின் பேரிங் ஃபிளைவீல் மூடியிலேயே உட்கார்ந்திருக்கும், அந்த மூடியே டிரான்சம் ஓட்டைக்குள் வந்து பெரிய ரப்பர் வளையத்தில் மாட்டிக்கொள்ளும், அதனால் தனியாக நேர்படுத்த ஒன்றும் இல்லை. இந்த ஸ்டெர்ன்டிரைவ் வகை பரவலாகச் சந்தைக்கு வந்ததே 1959இல் வோல்வோ பென்டா அக்வாமேட்டிக்காகத்தான், அதற்குப் பின்னால் இருந்த ஜிம் வின், மெர்க்குரி எஞ்சின்களைச் செய்த கீக்ஹேஃபரிடம் முன்பு வேலை பார்த்தவர். கீக்ஹேஃபர் சும்மா இருப்பாரா, 1961இல் மெர்க்ரூஸரைக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு வீட்டுச் சமையலும் ஒன்று போலத் தெரியும், உள்ளே பக்குவம் வேறு. நண்பரின் அனுபவத்தை உங்கள் படகுக்குக் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று, ராடுக்குப் பதில் துடைப்பக் கட்டை, பைப், கடைசல் பிடித்த மரக்கட்டை என்று பரிந்துரைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பற்கள் இல்லாத எதுவும் இதற்கு உதவாது. செத்துப்போன டிரைவிலிருந்து வெட்டியெடுத்த யோக் தண்டை (யூ-ஜாயின்டோடு வரும் அந்தப் பல் தண்டை) வைத்துப் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், பல் தேயாததாக இருந்தால் அதுகூடப் பரவாயில்லை. உங்களிடம் இருப்பது அசல் இல்லை, மலிவு ராடு என்கிறீர்கள், அதில் தப்பில்லை, ஆனால் அதன் பல்லில் பர்ர் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நேரான எஞ்சினில்கூடப் பர்ர் உள்ள ராடு நிற்கும். எனக்கு ஒரு தடவை இதிலேயே அரை நாள் போயிருக்கிறது. ஆரம்ப நாட்களில் வேலை செய்த ஒரு யார்டில், ராடு போகவில்லை என்று நானும் உங்களைப் போலத் தட்டித் தட்டி ஏற்றி டிரைவை மாட்டிக் கொடுத்தேன். முதலாளியும் ஒன்றும் சொல்லவில்லை. செப்டம்பரில் அதே படகு திரும்ப வந்தது. தண்டை வெளியே எடுத்தபோது பற்களின் மேல் செங்கல் பொடி தூவின மாதிரி சிவப்பாகத் துரு, ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் கத்தி மாதிரி கூராகியிருந்தது. அந்தப் பொடி தண்ணீரால் வந்த துரு இல்லை, பல்லோடு பல் உரசி வந்தது. டிரைவை எப்போது கழற்றினாலும் முதலில் அதைத்தான் தேடுவேன்.

நேராக வந்துவிட்டதா? இப்போது பூட்டு நட்டுகளை இறுக்குங்கள், இறுக்கும்போது கீழ் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், வாஷரின் காதை நட்டின் முகத்தில் மடக்கிவிடுங்கள். இறுக்கியதும் கடைசியாக ஒரு தடவை ராடு. இதை யாரும் செய்வதில்லை, எல்லோரும் செய்ய வேண்டியது இதுதான், இறுக்கும்போது நட்டு நகர்ந்துவிடுவது சர்வ சாதாரணம். அப்புறம் கப்ளர் பற்களுக்கு அதற்கென்றே விற்கும் ஸ்பிளைன் கிரீஸ், கையில் கிடைக்கிற ஏதோ ஒரு கிரீஸ் இல்லை. தண்டின் ஓ-ரிங்குகளில் கொஞ்சம் எண்ணெய்.

ஆல்ஃபா டிரைவை மாட்டும்போது ஷிஃப்ட்டை முன்னோக்கிய கியரில் வைத்துக்கொள்ள வேண்டும், டிரைவும் கன்ட்ரோலும் இரண்டுமே. ஒருவர் டிரைவைத் தாங்க, இன்னொருவர் புரொப்பெல்லர் தண்டை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் பல் கோத்துக்கொள்ளும். கடைசி ஒரு அங்குலத்தில் நின்றால் நட்டைப் போட்டு இழுத்து அமர்த்தப் பார்க்காதீர்கள், பல்லில் பல் இடித்துக்கொண்டு நிற்கிறது, பின்னுக்கு எடுத்துத் திருப்பித் திரும்ப விடுங்கள். முழுசாக அமர்ந்ததும் ஆறு நட்டும் குறுக்கு முறையில் 68 நியூட்டன் மீட்டர்.

தண்ணீர்க் குழாயை மாட்டி ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் அறையின் ஆவியை வெளியேற்றும் புளோவரை ஓட விடுங்கள், பெட்ரோல் குழாய்களை எல்லாம் கழற்றி மாட்டியிருக்கிறீர்கள். ஐடிலில் ஓடும்போது ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்புங்கள், ஒருவர் டிரான்சத்துக்கு அருகில் காதை வைத்துக் கேட்கட்டும். நேராக இருக்கும்போது சத்தமில்லாமல், திருப்பும்போது மட்டும் கடகடவென்றால் யூ-ஜாயின்டைப் பாருங்கள். எப்போதும் ஒரே உறுமலாக இருந்தால் பேரிங்.

பழைய ரப்பர் மவுன்டுகளை இந்த வேலையோடு மாற்றினால் ஒரு விஷயம், புது ரப்பர் முதல் சில மணி நேர ஓட்டத்தில் கொஞ்சம் அமரும். ஆண்டுக்கு ஒரு தடவையோ 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவையோ எப்படியும் பார்க்க வேண்டியதுதான், அக்டோபரில் குளிருக்காக டிரைவைக் கழற்றுவீர்கள் அல்லவா, அப்போது ராடை விட்டுப் பாருங்கள். அன்றைக்கே பிளாக்கின் இரண்டு பக்க வடிகால் திருகையும் முழுக்கக் கழற்றி, தண்ணீர் நின்றுவிட்டால் ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். துருச் சேறு அடைத்துக்கொண்டிருக்கும், குத்தியதும் மிச்சத் தண்ணீர் வரும்.